கருமணலில் விட்டுப் போனவள்

சாவோத் தீவில் மணலின் சூட்டை நெஸ்டாவைப் போல் அளந்து சொல்ல ஆள் கிடையாது. குழிக்குள் வலது கையைத் தோள்வரை விட்டு, முழங்கையின் உள்மடிப்பை மணலில் ஒரு கணம் ஒற்றுவாள். "இங்க போட்டா வெந்துடும்" என்பாள். நாலடி தள்ளி, "இது ஆறிப்போன மண்ணு, அழுகிடும்" என்பாள். மண்கோழிப் பறவையும் அப்படித்தான் பார்க்கும். விடியலில் சோடி சோடியாகக் காட்டிலிருந்து இறங்கி, அலகை மணலில் குத்திக் குத்திச் சூடு பார்த்து, ஒரு கை ஆழத்துக்குத் தோண்டி ஒரே ஒரு முட்டை இட்டு, மூடிவிட்டுப் போகும். அடைகாப்பது மணலுக்கு அடியில் கனலும் எரிமலையின் வேலை. பறவைகள் போன பிறகுதான் மனிதர்கள் முட்டை தோண்ட அவரவர் வேலிக்குள் நுழையலாம். இருபத்துமூன்று வருடமாக அந்தக் கருமணல்தான் நெஸ்டாவின் வயல்.

பத்தொன்பது வயதில் படகோட்டி கஸ்பாரைக் கட்டிக்கொண்டு அந்தக் கரைக்கு வந்தாள். மறு வருடம் ஒரு பெண் குழந்தை பிறந்தது. கஸ்பாரின் அக்கா ஜெரினா தலைநகரான ஹொனியாராவில் வாழ்க்கைப்பட்டவள், மூன்று கருவைப் பறிகொடுத்தவள். பிறந்த நாற்பதாம் நாள் அவள் படகில் வந்து இறங்கினாள், பின்னால், குழந்தைக்கு ஈடாக, ஒரு கொழுத்த பன்றியும் இறங்கியது. அக்கா கேட்டால் தம்பி மறுக்கக் கூடாது. அது அங்கே சட்டம்.

"நெஸ்டா, நான் உசுரோட இருக்கறவரைக்கும் இவ என் வயித்துப் பிள்ளை. அப்புறம் நீ என்ன வேணா சொல்லிக்கோ."

ஊரே உட்கார்ந்து பன்றியைத் தின்றது. தின்ற வாய் அதைப் பற்றிப் பேசக் கூடாது. நெஸ்டாவும் ஒரு துண்டு தின்றாள். அது தொண்டையில் இறங்கியதா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. பால் கட்டிக்கொண்ட மார்போடு மறுநாளே மணலில் குப்புறப் படுத்து முட்டை தோண்டினாள். சூடான மணல் வலிக்கு இதமாக இருந்தது.

அதன் பிறகு அவளுக்குக் குழந்தை தங்கவில்லை. சனிக்கிழமைதோறும் ஆறு முட்டைகளைப் பெரணி இலையில் பொதிந்து ஹொனியாராப் படகில் அனுப்புவாள். தோண்டத் தடையுள்ள மாதங்களில் சுட்ட மீன் அனுப்புவாள். தன் மகளின் எலும்பிலும் சதையிலும் தன் கை சேர்ந்துகொண்டிருக்கிறது என்ற ஒரே நினைப்பில் அவள் இருபத்திரண்டு வருடம் உயிரை வைத்திருந்தாள். கஸ்பார் போன பிறகு அவன் சமாதியைச் சுற்றி வெள்ளைப் பவளக்கல் அடுக்கினாள். பக்கத்திலேயே தனக்கும் ஓர் இடத்தைக் கல் வைத்து வளைத்துக்கொண்டாள்.

ஈஸ்டருக்கு முன் ஜெரினா செத்துப்போனாள். கடல் கொந்தளிப்பில் படகு போகவில்லை. நெஸ்டாவால் சாவுக்குப் போக முடியவில்லை. நூறாம் நாள் விருந்து முடியும்வரை செத்தவர் வீட்டு உறவுக் கதையை எடுக்கக் கூடாது என்பது வழக்கம். நெஸ்டா நாளை எண்ணினாள். விருந்து முடிந்த மூன்றாவது வாரம், தேடிப் போக வேண்டிய மகள் தானாகவே வந்து இறங்கினாள். ஒலினாவுக்கு இப்போது வனவிலங்கு இலாகாவில் வேலை. மண்கோழி முட்டைகளைக் கணக்கெடுக்க ஒன்பது நாள், தங்குவதற்கு மாமன் மனைவியான தீவு அத்தை நெஸ்டாவின் வீடு.

பக்கத்து வேலிக்காரி கோலேயாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "சொல்லித் தொலையேன்டி! செத்தவ செத்துட்டா, நூறு நாளும் ஆச்சு. நான் மட்டும் அந்தப் பன்னிய திங்காம இருந்திருந்தா என்னிக்கோ போட்டு உடைச்சிருப்பேன். கொழுப்பு அவ்ளோ ருசியா இருந்துச்சு, என்ன பண்றது!"

"சொல்றேன்க்கா. நல்ல நேரம் வரட்டும்."

"உனக்கு நேரம் பாக்க முழங்கையை எங்க வச்சு ஒத்தறது?"

மூன்றாம் நாள் குழியில் ஒலினா வெப்பமானியை இறக்கினாள். எடுப்பதற்குள் நெஸ்டா கையை விட்டுப் பார்த்து, "நேத்தைவிட ஒரு பொட்டு கம்மி" என்றாள். ஒலினா வெளியே எடுத்துப் பார்த்தாள், அது சரியாக இருக்கவே சிரித்தாள்.

"அத்தை, உங்க கையைக் கழட்டிக் குடுங்க, ஆபீசுக்குக் கொண்டு போறேன்."

"நான் அனுப்பின முட்டையெல்லாம் சாப்பிட்ட கைதானே உன்னோடது, இந்தக் கையவிட நல்லா அளக்கும்" என்று நெஸ்டா பூரித்துப் போனாள்.

"ஐயோ, அதுவா! கோவிச்சுக்காதீங்க அத்தை. எனக்குச் சின்னதுலேருந்தே அந்த வாடை ஆகாது. அம்மா பக்கத்து வீட்டுக்குக் குடுத்துடுவாங்க. அவங்க பசங்க மூணு பேரும் தென்னைமரமாட்டம் இருக்கானுங்க!"

நெஸ்டாவும் கூடச் சிரித்தாள். பிறகு கண்ணில் மணல் விழுந்துவிட்டதென்று திரும்பிக்கொண்டாள்.

ஏழாம் நாள் காலை, நெஸ்டாவின் வேலிக்குள் மணல் அசைந்தது. ஒலினா மண்டியிட்டாள். இரண்டு மூன்று நாளாக மல்லாந்து கிடந்து காலால் உதைத்து உதைத்து மேலேறி வந்த குஞ்சு தலையை நீட்டியது. இறகெல்லாம் முளைத்திருந்தது. சிலிர்த்துக்கொண்டு ஓடியது, எழும்பிப் பறந்து காட்டுக்குள் மறைந்தது.

"இதோட அம்மா?" என்றாள் ஒலினா.

"அந்த மரத்துலயே உக்காந்திருக்கும். இதுக்குத் தெரியாது."

"முட்டையைப் போட்டுட்டுத் திரும்பிக்கூடப் பாக்காம போறாளே! அவளுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா அத்தை?"



"அப்படிச் சொல்லாத கண்ணு" என்றாள் நெஸ்டா. "பத்துப் பதினஞ்சு நாள் தின்னு சேத்ததையெல்லாம் அந்த ஒரு முட்டையில வைக்கிறா. தன் உடம்புல அஞ்சுல ஒரு பங்கு. கோழிமுட்டை பாதிக்கு மேல வெறும் வெள்ளைதான். இதை உடைச்சுப் பாரு, முக்காவாசியும் மஞ்சக்கரு. பொறக்கும்போதே குஞ்சுக்கு ரெக்கை வேணும், ஓடறதுக்குத் தெம்பு வேணும். தான் கூட இருக்க மாட்டோம்னு அவளுக்குத் தெரியும். அதான் எல்லாத்தையும் முன்னாடியே வச்சுட்டுப் போறா."

ஒலினா குறிப்பேட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். இதுதான் நேரம் என்று நெஸ்டாவுக்குப் பட்டது. வாயைத் திறந்தாள்.

ஒலினா முந்திக்கொண்டாள். "அத்தை, நான் முட்டை எண்ண மட்டும் வரல. கண்ணை மூடறதுக்கு முன்னாடி அம்மா ஒண்ணு சொன்னாங்க. நான் அவங்க வயித்துல பொறக்கலையாம். பெத்தவ இந்த ஊர்தானாம், என்னைப் பெத்த அன்னிக்கே செத்துட்டாளாம். பேரு சொல்றதுக்குள்ள மூச்சு நின்னுடுச்சு."

ஒலினா குறிப்பேட்டை மூடினாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எங்க புதைச்சாங்கன்னு மட்டும் காட்டுங்க. எங்கம்மா வாழ்நாள்ல எங்கிட்டப் பொய் சொன்னதில்ல. அவங்க போனப்புறம் எனக்கு மிச்சம் அந்த நம்பிக்கை ஒண்ணுதான்."

ஒரு வார்த்தை. "நான்தான்" என்ற ஒரே வார்த்தை. அதைச் சொன்னால் மகள் கிடைப்பாள், ஆனால் நாலு மாதம் முன்பு அந்த மகள் கதறிக் கதறிப் புதைத்த தாய் பொய்க்காரியாகிப் போவாள். சோறூட்டியவள், காய்ச்சலுக்கு விழித்திருந்தவள், சாகும்போதும் பிள்ளையை விட மனமில்லாமல் பொய் சொன்னவள். நெஸ்டா தன் முழங்கையைத் தானே தடவிக்கொண்டாள்.

"வா, காட்டறேன்" என்றாள்.

கஸ்பாரின் சமாதிக்குப் பக்கத்தில், வெள்ளைப் பவளக்கல் வளைத்த அந்த வெற்றிடத்தில் நிறுத்தினாள்.

"இதுதான் அவ இடம்."

"பேரே எழுதலையே அத்தை?"

"எழுத ஆளில்ல."

"எப்படி இருப்பாங்க?"

"சாதாரணப் பொம்பளை. மணல் நல்லாப் பாப்பா."

ஒலினா செம்பருத்தி பறித்து வந்து கல்லுக்குள் வைத்தாள். மண்டியிட்டு, நெற்றி மண்ணில் பட, "அம்மா" என்றாள். ஒரு தரமில்லை, நாலைந்து தரம். இருபத்திரண்டு வருடம் காத்திருந்த அந்தச் சொல் காலியான தரைக்குள் இறங்கியது. அதற்குச் சொந்தக்காரி மூன்றடி பின்னால், வாயில் மேல்துணியைத் திணித்துக்கொண்டு நின்றாள்.

ஒன்பதாம் நாள் படகு புறப்படும்போது ஒலினா கேட்டாள், "அத்தை, அந்த எடத்தைக் கொஞ்சம் பாத்துப்பீங்களா? களை மண்டாம?"

"நான் பாத்துக்காம யாரு பாப்பா? போய்ட்டு வா."

கோலேயா இடுப்பில் கை வைத்துக் கரையில் நின்றாள். "சொன்னியா?"

நெஸ்டா தன் வேலிக்குள் நடந்தாள். குனிந்து, குஞ்சு வெளியேறிய பள்ளத்தை இரண்டு கையாலும் மணல் தள்ளி மூடினாள்.