முப்பது ஆண்டு தாமதமாக வால்பாறைக்கு

காலை 5.40. துடியலூர் வீட்டில் பையைத் தூக்கியபோது மனைவி சொன்னாள்: "பதினாலு நாடு சுத்தியாச்சுங்க. இந்தா இருக்கற வால்பாறைக்குப் போறதுக்கா உங்களுக்கு இப்படி வேர்க்குது?"

வேர்த்ததற்குக் காரணம் இருந்தது. நாற்பது ஆண்டுகளாக எழுதிப் பிழைப்பவன் நான். வானொலி நாடகம், வாரத் தொடர், சமையல் குறிப்பு, மோட்டார் பம்புக்கு உபயோகக் கையேடு என்று கண்டதையும் எழுதியிருக்கிறேன். பேர் வாங்கித் தந்தவை பயணக் கட்டுரைகள்தான். அவற்றில் ஒன்று மட்டும் பொய்.

முப்பது ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆனி மாதத்தில் வால்பாறைக்குக் கிளம்பினேன். காய்ச்சல் வந்து பொள்ளாச்சி லாட்ஜிலேயே படுத்துவிட்டேன். இதழோ மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும். மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு கண்டக்டரிடம் கேட்டதை வைத்து, நேரில் போனவன் போலவே எழுதி அனுப்பிவிட்டேன்.

இப்போது என் பயணக் கட்டுரைகளெல்லாம் ஒரே நூலாக வருகின்றன. திங்கட்கிழமை அச்சு. போன வாரம் வால்பாறையிலிருந்து எஸ்டேட் பள்ளி ஆசிரியை மரகதம் கடிதம் எழுதியிருந்தார். அந்தக் கட்டுரையை வருடா வருடம் வகுப்பில் நடத்துகிறாராம், ஒரு நாள் வர வேண்டுமாம். எனக்குச் சுருக்கென்றது. பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்த பொய்யை நேரில் ஒப்புக்கொண்டு, நூலிலிருந்தும் எடுத்துவிடலாம் என்றுதான் கிளம்பினேன்.

8.15. பொள்ளாச்சியில் பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ குடித்துவிட்டு வால்பாறை பஸ்ஸில் ஏறினேன். அறுபத்து நான்கு கிலோமீட்டர், நாற்பது கொண்டை ஊசி வளைவுகள்.

"ஏனுங்க, கடைசி சீட்டு வேண்டாமுங்க. வளைவுல கொடலைப் பொரட்டும். முன்னால வாங்க. மொதத் தடவைங்களா?" என்றார் கண்டக்டர்.

"ஆமாங்க" என்றேன். இந்த விஷயத்தில் நான் சொன்ன முதல் உண்மை அதுதான். சொன்னதும் பாதி பாரம் இறங்கிவிட்டது.

ஒன்பதாவது வளைவில் ஆழியாறு அணையைப் பார்த்ததாகக் கட்டுரையில் அரைப் பக்கம் உருகியிருந்தேன். நேரில் போனால் வெறும் மூடுபனி. பக்கத்து இருக்கைக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

11.20. வால்பாறையில் சாரல். மரகதம் குடையோடு காத்திருந்தார். தேயிலைச் செடிகளுக்கு நடுவே அரை மணி நேரம் நடந்து பள்ளிக்குப் போனோம். சனிக்கிழமை விடுமுறை என்பதால் வகுப்பில் யாருமில்லை. உட்கார்ந்ததும் கொட்டிவிட்டேன்: "அன்னைக்கு நான் இந்த மலை ஏறவே இல்லைங்க."

"தெரியுமுங்களே" என்று அவர் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகக் கட்டு ஒன்றை எடுத்து வைத்தார். "நம்ம ஊரைப் பத்தி எழுதினதுல தப்புக் கண்டுபிடிங்கன்னு உங்க கட்டுரையைத்தான் குடுக்கறனுங்க. ஆனி மழையில தேயிலைக்குள்ள நடந்தேன்னு ரெண்டு பக்கம் எழுதிப்போட்டீங்க. ஒரு அட்டைகூடக் கடிக்கலீங்களே. அஞ்சாவது படிக்கற புள்ளைங்களே 'மிஸ், இந்த சார் வரவே இல்லீங்க'ன்னு சொல்லிப்போட்டாங்க."

நோட்டுகளைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் முதல் பிழை அதுதான். வெட்கம் பிடுங்கித் தின்றாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. கட்டுரையை நூலிலிருந்து எடுத்துவிடுவதாகச் சொன்னேன்.

"எடுத்துப்போடாதீங்க, பாடத்துக்கு வேணுமுங்க. அதுக்குப் பின்னாலயே நெசமா வந்ததையும் எழுதிப்போடுங்க" என்றவர், என் காலைப் பார்த்துவிட்டு உப்பு எடுக்க எழுந்தார். கணுக்காலில் மூன்று அட்டைகள் கொழுத்துத் தொங்கின. "இப்பத்தானுங்க வந்திருக்கீங்க" என்றார்.

இரவு 8.30. துடியலூர். காலில் ரத்தம் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. பதறிப்போன மனைவியை உட்காரவைத்து முப்பது வருடக் கதையை முழுவதும் சொன்னேன். மனம் லேசாகிவிட்டது. அவள் பஞ்சை வைத்துக் கட்டுப் போட்டாள், நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப அந்தப் பதினாலு நாடுங்க?"