விட்டுப்போன அடைப்புக்குறி

வேனில் ஏறினால் எனக்கு வாந்தி வரும். முன்சீட்டில் உட்கார்ந்தால் மட்டும் வராது. ஆனால் முன்சீட்டு, முழங்கால் வலிக்காரரான பெரியப்பாவுடையது. போன தடவை அவருடைய பட்டு வேட்டியில் நான் கக்கிவைத்ததால், இனி இவளை வேனில் ஏற்றக்கூடாது என்று சொல்லிவிட்டார். பெரியப்பா சொன்னால் சொன்னதுதான். அவரே நினைத்தாலும் மாற்ற முடியாது.

டி. கல்லுப்பட்டியிலிருந்து மொத்தக் குடும்பமும் அழகர்கோவிலுக்குக் கிளம்புகிறது. தம்பிக்குக் காதுகுத்து, கிடாவெட்டு. நான் மட்டும் பக்கத்து வீட்டில் இருக்கவேண்டுமாம். எனக்குச் சோறு இறங்கவில்லை.

கிளம்புவதற்கு முன்தினம் பெரியப்பா திடீரென்று நியாயவான் ஆனார். கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்த அவர் மகளை, என் அக்காவை, கூப்பிட்டார். முன்சீட்டு யாருக்கென்று லேப்டாப்பே சொல்லட்டும், யார் பேர் வந்தாலும் கட்டுப்படுவேன் என்றார். விதியையும் அவரே சொன்னார்: வாந்தி வருகிறவர் அல்லது முழங்கால் வலிக்கிறவர், யாரானாலும் ஐம்பது வயதைத் தாண்டியிருக்க வேண்டும். அவரைத் தவிர வீட்டில் யாருக்கும் பொருந்தாத விதி. நல்ல நியாயம்!

அக்கா விதியையும் எல்லார் பெயரையும் தட்டினாள். லேப்டாப் பட்டியலில் முதலில் இருந்த என் பெயரை எடுத்தது, ஆம் என்றது, அதோடு நின்றுவிட்டது. பெரியப்பா பெயரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"மிசினே சொல்லிருச்சு, நான் என்னத்தச் சொல்ல? புள்ளைய ஏத்துங்க" என்றார் பெரியப்பா.

கருப்பசாமியிடம் அந்த லேப்டாப் நல்லா இருக்கணும் என்று வேண்டிக்கொண்டேன்.

பிறகு நானும் கம்ப்யூட்டர் படிக்கப் போனேன். அடைப்புக்குறி போடாவிட்டால் 'அல்லது'க்கு முன்னால் 'மற்றும்' முந்திக்கொள்ளும் என்று வகுப்பில் சொன்னார்கள். அக்கா அன்று 'வாந்தி அல்லது முழங்கால் வலி மற்றும் ஐம்பது வயது' என்று அடைப்புக்குறி இல்லாமல் தட்டியிருக்கிறாள்; அதனால் ஐம்பது வயது முழங்கால் வலியோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாந்திக்கு வயதே கேட்கவில்லை. அக்காவுக்குத் தெரியாத பாடமா இது? உடனே போன் போட்டு, கள்ளி, எனக்காக வேண்டுமென்றே விட்டாயா என்று கேட்டேன்.

"எனக்கு ஏதுடி அம்புட்டுத் தைரியம்? அப்பாதான் அடுப்படிக்கு வந்து, புள்ள பேரு வர்ற மாதிரி என்னமாச்சும் பண்ணு தாயி, ஆனா நான் இறங்கி வந்ததா யாருக்கும் தெரியக்கூடாதுன்னாரு."

அன்று அவர் கடைசி சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, அழகர்மலை தெரியுதா தாயி, மலை தெரியுதா என்று முன்சீட்டிலிருந்த என்னிடம் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். சீட்டுப் போன கோபத்தில் குத்திக்காட்டுகிறார் என்று நினைத்து, நான் திரும்பியே பார்க்கவில்லை.