உறைந்த எண்ணெய்

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் உதவி நிர்வாகியான சின்னத்துரையிடம், கல்லும் புழுதியுமான மலைப்பாதைகளில் ஏறுவதற்கென்றே செய்யப்பட்ட உயரமான மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. அதைப் பேணும் பணி என் தாய்மாமனுடையது. மாமா அதைத் திருக்கோயில் தொண்டு போலச் செய்துவந்தார். வண்டி உள்ளிழுக்கும் காற்றிலிருந்து புழுதியை வடிகட்டும் பஞ்சு, இருக்கைக்கு அடியில் ஒரு பெட்டியில் இருக்கும். அதைக் கழற்றி, திறந்த துவாரத்தைத் துணியால் அடைத்துவிட்டு, பஞ்சை மண்ணெண்ணெயில் அலசி, சவர்க்கார நீரில் கழுவி, முறுக்காமல் உள்ளங்கைகளுக்கிடையே அழுத்தி உலர்த்துவார். பிறகு எஞ்சின் எண்ணெய் ஊட்டி, மிகுந்ததை ஒட்டப் பிழிந்த பின்பே திரும்ப மாட்டுவார். பிழியாமல் மாட்டினால் வண்டிக்கு மூச்சு முட்டும் என்பது அவர் வாக்கு.

ஒரு தை மாத மாலை, கொழுந்து நிறுக்கும் இடத்தில், நிறை குறைந்ததற்காக வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு, வயது முதிர்ந்த ஒருவரைக் காலால் உதைத்தார். அப்பா கண்டாக்கைப் பிடித்துத் தள்ளினார். விழுந்த கண்டாக்கின் தலை கற்படியில் மோதிப் பிளந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆயினும் தோட்டம் அதைப் பொறுக்குமா? பெரியதுரையின் கார் கொழும்புக்குப் போயிருந்தது. தொலைபேசிக் கம்பி முந்திய நாள் காற்றில் அறுந்திருந்தது. மூடுபனி இறங்கிய பாதையில் அந்நேரத்தில் செல்லத் துணியாத சின்னத்துரை, விடியலில் போய்ப் போலீசை அழைத்து வருவதென்று முடிவு செய்தார்.

"விடிய நான் டவுன் போறது. சைக்கிள் இருமுறது. கிளீன் பண்ணி வைக்க வேணும்" என்று தமக்குத் தெரிந்த தமிழில் மாமாவிடம் கட்டளையிட்டார்.

அந்திக் கருக்கலிலேயே அப்பா டயகமவுக்கு மேலுள்ள காட்டுப் பாதையில் ஏறிவிட்டார். மலையைக் கடந்து பட்டிப்பொல ஸ்டேசனில் காலை ரயிலைப் பிடித்தால் தப்பலாம். அதற்குள் சின்னத்துரை டவுனை அடைந்துவிட்டால், போலீசார் ஸ்டேசனுக்குச் செய்தி சொல்லி அங்கேயே பிடித்துவிடுவார்கள். பிடிபட்டவர்கள் எந்நிலையில் திரும்புவார்கள் என்பதை தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் யாவரும் அறிவர். எனக்கு மட்டும், அப்பா ஒரு வேலையாகப் போயிருப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

மாமா பஞ்சைப் பீலியில் கொட்டும் ஊற்றுத் தண்ணீரில் கழுவி, வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பருகே உலர்த்தினார்.

"அக்கா, எண்ணெப் போத்தலக் குடுங்க."

"எந்த எண்ணெடா?"

"தலைக்குத் தேய்க்கிறது."

அடுப்போரச் சூட்டில் உருகியிருந்த தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்த அம்மா, அதைக் கொடுக்காமல் தம்பியின் முகத்தையே பார்த்தாள்.

"ஒன்னைய சும்மா விட மாட்டாங்கடா."

"குடுங்கக்கா. பனி நல்லா எறங்கட்டும்."

"மாமா, மத்த நாளு கறுப்பு எண்ணெதானே?" என்று நான் கேட்டேன்.

"இன்னிக்கு வண்டிக்குத் தலைமுழுக்கு, பாப்பா" என்றார்.

போத்தல் முழுவதையும் பஞ்சு குடித்தது. அன்று அவர் அதைப் பிழியவில்லை. சொட்டச் சொட்ட ஒரு கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு வண்டியிருந்த கொட்டகைக்குப் போனார்.

விடிந்தபோது புல்லெல்லாம் வெண்பனி பூத்திருந்தது. காலைப் பெரட்டுக் களத்தில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் கூடியிருந்தார்கள். அம்மாவின் முந்தானையைப் பற்றியபடி நானும் நின்றேன். சின்னத்துரை உதைத்தார், வண்டி ஒரு முறை செருமி அடங்கிற்று. உதைத்து உதைத்துக் களைத்தவர் பெட்டியைத் திறந்தார். பஞ்சு மெழுகுக்கட்டி போல வெளுத்து இறுகியிருந்தது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு உதைத்தும் பயனில்லை. வழிந்த எண்ணெய் உள்ளே கார்புரேட்டர் வரை இறங்கி உறைந்திருந்தது.

"ஆயில் முடிஞ்சு போச்சுங்க தொரை. எல்லாம் எண்ணெதானேன்னு இதப் போட்டேனுங்க" என்று மாமா கை கட்டி நின்றார்.

அறை விழுந்தது. அடுத்த கணம் அம்மா வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

"அறிவு கெட்ட மூதேவி, தலைக்கு வைக்கிறதப் போயி வண்டிக்கு வைப்பியாடா? மாட்டுக்கு இருக்கிற புத்தி ஒனக்கில்லையே. ஒன்னையும் ஒரு மனுசன்னு நம்பி தொரை சைக்கிளக் குடுத்தாரே, அவரச் சொல்லணும்."

"வண்டிக்குச் சீயக்காயும் போட்டியாடா?" என்று வரிசையில் எவரோ கேட்க, களமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் சின்னத்துரையும் மாமாவை முட்டாளென்றே முடிவுகட்டி, கால்நடையாக டவுனுக்குப் புறப்பட்டார். அவர் போய்ச் சேர்ந்தபோது ரயில் போய்விட்டிருந்தது.

இறைவனை வாய் நிறைய ஏசிப் பாடிய அடியார்களின் பதிகங்களைப் பின்னாளில் ஓதும்போதெல்லாம் அம்மாவின் அந்தக் குரலே என் செவியில் விழும். அன்று எனக்கு அது வெறும் ஏச்சாகத்தான் கேட்டது.

போலீசார் அப்பாவுக்குப் பதிலாக மாமாவைக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபோது அவருக்கு இடக்காது கேட்கவில்லை. வண்டி வேலையும் போய், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் கத்தியோடு மலையேறினார். அம்மாவோ ஏசுவதை விடவில்லை. மூதேவி, உதவாக்கரை என்று தொடங்கி, ஏசிக்கொண்டே பானையின் முதற்சோற்றை அவருக்கே இடுவாள். அவர் கேட்கும் காதை அவள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உண்பார். அம்மாவுக்கு மாமாவின் மேல் இவ்வளவு வெறுப்பா என்று நான் வருந்துவேன்.

மறு வருடம் மழை விட்டபின், வடக்கே வன்னிக்குப் போய்வந்த ஒருவர் எங்கள் லயத்து வாசலில் நின்றார். அங்கே காடு வெட்டிக்கொண்டிருந்த அப்பா மலேரியாக் காய்ச்சலில் இறந்துவிட்டார் என்றும், அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா அழவில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மாமா வெகுநேரம் வாசற்படியிலேயே நின்றார். பிறகு உள்ளே வந்து அவள் காலருகே குந்தினார்.

"ஏதாச்சும் ஏசுங்கக்கா" என்றார்.

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"அக்கா, ஒரு வார்த்த ஏசுங்க."

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. அன்றைக்குப் பிறகு அவள் அவரை ஏசியதே இல்லை. மாமாவை அம்மா ஒருவழியாக மன்னித்துவிட்டாள் என்றெண்ணி, அந்தச் சாவு வீட்டில் நான் ஒருத்தி மட்டும் மனம் ஆறினேன்.