மண்ணெண்ணெய்க் கேனோடு மனுக் கொடுக்கப் போனோம்

மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை. யாரோடும் பேசாமல் இரண்டு நாள் இருக்கவேண்டும் என்று தோன்றியது. சிறுமலை என்று முடிவு செய்தேன். ரயிலில் திண்டுக்கல். அங்கிருந்து காலை ஏழு மணிக்கு மலைப் பேருந்து, முப்பது ரூபாய்.

அடிவாரச் சோதனைச் சாவடியில் முதுகிலிருந்த கூடாரம் காட்டிக்கொடுத்தது. இது தீக்காலம், காட்டுக்குள் தங்க முடியாது, மழை பெய்ததும் வாருங்கள் என்று இறக்கிவிட்டார்கள். பேருந்து போய்விட்டது.

அங்கே இரண்டு பேர் ஊருக்குள் போக வண்டி பார்த்து நின்றார்கள். அருள்சாமி, பொன்னையா. காட்டுத் தீ அணைக்கிற தற்காலிக ஆட்கள். காய்ந்த புல்லை ஒரு பட்டையாக இவர்களே முன்கூட்டி எரித்துவிடுவார்கள். பெருந்தீ வந்தால் அந்தக் கோட்டோடு பசித்து நின்றுவிடும். அதையும் தாண்டினால் பச்சைக் குழையை ஒடித்து அடிப்பார்கள். மழை வந்ததும் வேலையும் சம்பளமும் நின்றுவிடும். சுட்டுக்கொண்டால் வைத்தியம் சொந்தச் செலவு. அருள்சாமியின் இடது உள்ளங்கை போன வருடம் வெந்து சுருங்கியது. வருடம் முழுக்கச் சம்பளம், வைத்தியச் செலவு. இரண்டையும் கேட்டு மனு எழுதி, அன்றைக்குக் கொடுக்கப் போகிறார்கள்.

அவர்களோடு நானும் கிளம்பினேன். கூடாரத்துக்கு வேறு போக்கிடம் இல்லை.

ஷேர் ஆட்டோ, தலைக்கு இருபது. எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. மனு நாளில் யாரும் தீக்குளித்துவிடக் கூடாது என்று வாசலிலேயே பையைச் சோதிக்கிற அலுவலகம். அருள்சாமி விடியற்காலை கோடு எரித்துவிட்டு நேராக வந்திருந்தார். பையில் மண்ணெண்ணெய்க் கேன், தீப்பெட்டி. சோதனை உண்டென்று அவருக்குத் தெரியும். ஆனால் கேன் அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கு மாதிரி. கையில் இருப்பதே நினைவில் இல்லை.

பெண் காவலர் மோந்து பார்த்தார். அடுத்த கணம் ஒரு வாளித் தண்ணீர் அருள்சாமியின் தலையில். பொன்னையா மனுவை மட்டும் உயரத் தூக்கிக்கொண்டார்.

“ஏலே அருளு, தீக்குள்ள நிக்கயில என்னைக்காச்சும் இம்புட்டுத் தண்ணி வந்திருக்கா?”

அதன்பிறகு வரிசையே இல்லை. நேராக அதிகாரி முன்னால். நாற்காலி, டீ. சாக வரவில்லை என்று இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். அவர் மனுவை முழுக்கப் படித்தார். மேலே அனுப்புவதாகச் சொன்னார். போன வருடம் வரிசையில் நின்று கொடுத்த மனுவை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லையாம்.

பிறகு இன்ஸ்பெக்டர் ஒரு தாளை நீட்டினார். இனி மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும் தொடமாட்டேன் என்று எழுதித்தர வேண்டும்.

அருள்சாமி சட்டையைப் பிழிந்துகொண்டே யோசித்தார்.

“எழுதித் தாரேன்யா. தொடாம வீட்டுல இருக்கேன். சம்பளம் மட்டும் வருசம் பூரா வந்துறணும்.”

அதிகாரி சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. கடைசியில், இந்த வாசலில் தொடமாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள். மனுவுக்கு ரசீது கொடுத்தார்கள். கேனுக்கு ரசீதும் இல்லை, கேனும் இல்லை. மறுநாள் வேலைக்குப் புதுக் கேன் வாங்கப் போனார்கள். சொந்தக் காசில்.

நான் தனியாக இருக்கவே இல்லை. வருத்தமும் இல்லை.

போகிறவர்களுக்கு: பிப்ரவரி முதல் நல்ல மழை வரை கூடாரத்தை வீட்டில் வையுங்கள். மலையில் பீடி, சிகரெட் வேண்டாம். திண்டுக்கல்லில் நின்று பார்க்கையில் மேலே புகை தெரிந்தால், படம் எடுப்பதற்கு முன் வனத்துறைக்குச் சொல்லுங்கள். யாராவது ஏறிப் போவார்கள். மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை, ஆனாலும் போவார்கள்.