கரடி அகலமாக நடக்கும்

போன வாரம் தஞ்சாவூர் புதிய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு செல்போன் கடைத் திறப்பு. வாசலில் ஒரு கரடி நின்று நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தது. மழையில் நனைந்த மெத்தையை மடித்து வைத்த மாதிரி ஒரு வாடை அதனிடமிருந்து வந்தது. உங்களுக்கு அந்த வாடை தெரிந்திருக்க நியாயமில்லை, எனக்குத் தெரியும். கிட்டே போய், "உள்ள காத்து வருதாங்க?" என்று கேட்டேன். கரடி தலையை ஆட்டிவிட்டு இரண்டு நோட்டீஸ் சேர்த்துக் கொடுத்தது. "வடக்கத்தி ஆளு சார், தமிழ் தெரியாது" என்றார் கடைக்காரர். நான் அதன் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். நன்றாக, அகலமாக நடந்தது.

நானும் ஒரு நாள் கரடியாக இருந்தவன்.

அப்போது சென்னையில் வேலை. வெளிநாட்டுக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. அதில் ஒரு பிஸ்கட் கம்பெனிக்காக வீடு வீடாகக் காலிங் பெல் அடித்து, சாம்பிள் பாக்கெட் கொடுத்து, "பிடிச்சிருந்ததா மேடம்?" என்று கேட்டுப் படிவத்தில் டிக் அடிப்பது என் உத்தியோகம். பி.எஸ்ஸி. படித்தவன், டை வேறு கட்டியிருப்பேன். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போன கடிதங்களில் மட்டும் நான் மார்க்கெட்டிங் ஆபீசர். எழுதும்போது அது பொய்யாகவே தோன்றவில்லை. ஆறு மாதத்தில் ஆகிவிடுவேன் என்று நிஜமாகவே நம்பினேன். எனக்கு எல்லாவற்றிலும் அவசரம்.

அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வந்தும் எங்கள் வாய்க்காலுக்கு ஏறவில்லை. குறுவை போயிற்று, சம்பாவும் சந்தேகம். சிங்கப்பூரில் இருந்த மாமா, ஒரே ஒரு ஆளுக்கு வேலை பார்த்து வைத்திருப்பதாகச் சொல்லியனுப்பினார். அப்பாவின் யோசனை நேரானது. என் வேலை நிலைத்துவிட்டது என்றால் பிளஸ் டூ முடித்திருந்த தம்பி போவான். நிலைக்காது என்றால் நான் போவேன், தம்பி மேலே படிப்பான். தம்பிக்கு மாட்டு டாக்டர் ஆக வேண்டும். மார்க்கும் இருந்தது. சினை மாட்டின் வயிற்றில் காதை வைத்துக்கொண்டு, அம்மா சாப்பிடக் கூப்பிட்டாலும் வராமல் நிற்பான். எது என்று முடிவு செய்ய, என் ஆபீசைக் கண்ணால் பார்க்க வெள்ளிக்கிழமை வருவதாக அப்பா எழுதியிருந்தார்.

வியாழக்கிழமை, பிஸ்கட் விளம்பரத்துக்கு வழக்கமாகக் கரடி வேஷம் போடுகிறவருக்குக் காய்ச்சல். "இன்னிக்கு யாருப்பா போடறது?" என்று சூப்பர்வைசர் கேட்டு முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு நாள் முழுக்க, யாருக்கும் தெரியாமல் பட்டணத்தைச் சுற்றலாமே என்ற குஷிதான். விதி இரண்டே. கரடி பேசக் கூடாது, தெருவில் தலையைக் கழற்றக் கூடாது.

காலையெல்லாம் ராஜ வாழ்க்கை. மவுண்ட் ரோட்டில் டிராபிக் போலீஸ்காரர் எனக்காக வண்டிகளை நிறுத்தினார். டை கட்டிப் போனபோது கதவை முகத்தில் சாத்திய ஒரு அம்மாள், பேரனோடு வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மெரினாவில் சவாரிக் குதிரை ஒன்று என்னைக் கண்டு மிரண்டு, மேலே உட்கார்ந்திருந்த புது மாப்பிள்ளையோடு முட்டளவு கடலில் போய் நின்றது. ஒரே கஷ்டம் கால்தான். கரடிக்குப் பஞ்சு திணித்த பாதம், முறம் அகலம். நான் நாலு எட்டுக்கு ஒரு தரம் என் காலையே மிதித்துத் தடுமாறினேன். சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாபா, கயித்து மேலயா நடக்கிற? கரடி அகலமா நடக்கும்பா." கயிறில்லை, வரப்பு. ஒற்றைக் காலுக்குத்தான் இடம் இருக்கும் வரப்பில் நடந்து வளர்ந்தவனுக்கு ஒரு காலுக்கு நேர் முன்னால்தான் அடுத்த கால் விழும். அது வரைக்கும் எனக்கே தெரியாது.

மத்தியானம் பாண்டி பஜார். வாலைப் பிடித்து இழுத்த குழந்தைகளுக்கு பிஸ்கட் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால், வெளியே பார்ப்பதற்காகக் கரடி வாயில் வைத்திருந்த வலைக்கு அந்தப் பக்கம் அப்பா. கையில், மாமா கொடுத்த விமானக் கம்பெனிப் பை.

ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டார். நான் திரும்பி நடந்தேன். நாலு எட்டு. தடுக்கியது. பின்னாலேயே வந்து கையைப் பிடித்து நிறுத்தினார். என் காலைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார்.

"உள்ள காத்து வருதாங்க?"

தலையை ஆட்டினேன்.

"வேர்த்துக் கொட்டுமே. சோடா குடிக்கிறீங்களா?"

பிறந்ததிலிருந்து அப்பா என்னை வாங்க போங்க என்று பேசியதே இல்லை. பெட்டிக்கடையில் ஒரு பன்னீர் சோடா வாங்கி, ஸ்ட்ராவை வலைக்குள் நுழைத்து, பாட்டிலை அவரே பிடித்துக்கொண்டார். நான் குடித்தேன். வேறு என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். சூப்பர்வைசர் எட்டத்தில் நின்று சிரித்தார். முழுக்கக் குடித்து முடித்ததும், "பாத்து நடங்க" என்று சொல்லிவிட்டு அப்பா போனார்.

சாயங்காலம் திருவல்லிக்கேணி மேன்ஷனில், என் அறை வாசலில் பையின்மேல் உட்கார்ந்திருந்தார்.

"ஆபீசுக்குப் போனீங்களாப்பா?"

"போனேன்டா. சார் பாண்டி பஜார் பக்கம் போயிருக்கார்னு அங்க இருந்த பொண்ணு மரியாதையாத்தான் சொல்லுச்சு."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "தம்பியே போகட்டும்டா" என்றார்.

கரடி ஒரு நாள் வேஷம்தாம்பா என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், ஆபீசர் ஆறு மாத வேஷம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். பன்னீர் வாசனைதான் வந்தது.

மறுநாள் எழும்பூரில் ரயில் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்பா சொன்னார்: "பாதம் அம்மாம் பெருசா இருந்தா, காலை அகட்டி வைக்கணும்டா. வரப்புல நடக்குற மாதிரி நடந்தா தடுக்கத்தான் செய்யும்."

ரயில் நகர்ந்துவிட்டது. தம்பியை அனுப்பாதீங்க என்று கத்தத்தான் கூடவே ஓடினேன். பிளாட்பாரம் முடியும்வரை கையைத்தான் ஆட்டிக்கொண்டிருந்தேன். அவரும் ஆட்டினார்.

தெரிந்தும் ஏன் அப்படி முடிவு செய்தார் என்று நான் கேட்கவேயில்லை. கேட்கலாம் கேட்கலாம் என்று இருந்ததில் அப்பாவும் போய்விட்டார். அந்த பிஸ்கட் எட்டு மாதம்கூட ஓடவில்லை, கம்பெனி மூட்டை கட்டியது. நான் தஞ்சாவூரில் ஒரு ஏஜென்சி எடுத்து உட்கார்ந்துவிட்டேன். தம்பி இன்னும் சிங்கப்பூரில்தான், கப்பல் கட்டும் இடத்தில். இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் பதினைந்து நாள் வருவான். என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறான். இரும்பு மூக்கு வைத்த பூட்ஸிலேயே பழகிய கால், வீட்டுக்குள் வெறுங்காலோடு நடந்தாலும் தொம் தொம் என்று அகலமாக விழுகிறது. கொட்டிலில் மாடு இல்லை. நிலம் குத்தகையில் இருக்கிறது. அறுவடை மெஷின் திரும்ப இடம் போதவில்லை என்று குத்தகைக்காரர் உள்வரப்புகளை வெட்டிச் சமமாக்கிவிட்டார்.

செல்போன் கடைக்காரர் உள்ளே போனதும், வாசல் டைல்ஸில் ஒரு கோட்டைப் பார்த்துக்கொண்டு அதன் மேலேயே நடந்து பார்த்தேன். ஒரு எட்டு, இரண்டு, மூன்று. நாலாவது எட்டில் கால் தானாக அகன்றுவிட்டது.