எதிராளிக்கும் ஒரு கதை இருக்குமாம்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க பன்னெண்டு மாடி ஏறி இறங்கி, கையெல்லாம் கிரீஸோட வர்ற மனுஷன் வந்ததும் என்ன செய்யணும்? குளிக்கணும், சாப்பிடணும், காலை நீட்டணும். இவர் கார்ட்டூன் பாப்பார். வயசு நாப்பத்திரண்டு, தலையில பாதி நரை. கராத்தே, குங்ஃபூ, வாள் சண்டை, எதை வரைஞ்சு காட்டினாலும் வாயைப் பிளந்துக்கிட்டு உக்காந்திடுவார். ஏங்க இப்படின்னு கேட்டா, "அடிதடிக்காகவா பாக்கறேன்? கதைக்காகப் பாக்கறேன்டி"ம்பார்.

பாக்கறதுதான் பாக்கறார், தனியாப் பாக்கக் கூடாதா? எங்க பொண்ணையும் பக்கத்துல இழுத்து வெச்சுக்குவார். அவளுக்கு ஒன்பது வயசு, ஆள் உருண்டையா இருக்கறதால வீட்ல பேரு பட்டாணி. சண்டை சூடு பிடிக்கறப்போ டக்குன்னு நிறுத்திட்டு, "இந்த வில்லன் ஏன் இப்படி ஆனான், சொல்லு பாப்போம்"னு கேப்பார். அவளும் பெரிய மனுஷி மாதிரி தாடையைச் சொறிஞ்சுக்கிட்டு, "சின்ன வயசுல இவனை யாரும் விளையாட்டுல சேத்துக்கலப்பா"ம்பா. "அப்படிப் போடு! எதிராளிக்கும் ஒரு கதை இருக்கும், அதை மறக்கவே கூடாது." லீவு நாளானா இதையே பத்து தடவை சொல்வார். எனக்குக் காது புளிச்சுப் போச்சு.

நான் துணிக் கம்பெனியில செக்கிங். மதியம் ரெண்டு மணி ஷிஃப்ட், நான் வீடு திரும்பறதுக்குள்ள ரெண்டு பேரும் தூங்கியிருப்பாங்க. ஆனா ஃபிரிட்ஜ் கதவுல ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். லிஃப்ட் கம்பெனியோட சர்வீஸ் சீட்டு. புகார், காரணம், செய்த வேலைன்னு மூணு கட்டம் போட்டது. அதுல அன்னைக்கு நான் பாக்காம விட்ட கதையை எழுதி வெச்சிருப்பார். "புகார்: இளவரசி மலையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள். காரணம்: குரு பொய் சொல்லிவிட்டார். செய்த வேலை: தம்பி தேடிப் போயிருக்கிறான். சாப்பாடு மூடி வெச்சிருக்கு." எட்டு மணி நேரம் கால் கடுக்க நின்னுட்டு வந்தவளுக்கு இளவரசி கவலை ஒண்ணுதான் குறைச்சல்!

என் கவலை வேற. பட்டாணி எதையும் விட்டுக் கொடுத்துடுவா. கலர் பென்சில் டப்பாவை பக்கத்து பெஞ்சுக்காரிக்குக் கொடுத்துட்டு வெறுங்கையோட வருவா. ஊஞ்சல்ல அரை மணி நேரம் காத்துக் கிடந்து, அவ முறை வந்ததும் பின்னாடி நிக்கறவளை ஏத்தி விட்டுட்டு இறங்கிடுவா. ஏன்டின்னு கேட்டா, "பாவம்மா அவ"ன்னு ஒரே பதில். இப்படியே வளந்தா நாளைக்கு ஊரே இவ தலையில மிளகாய் அரைச்சிடும்னு எனக்கு பயம். அதனாலதான் அவளைக் கராத்தே வகுப்புல சேக்கலாம்னு இவர் ஆரம்பிச்சதும், மறு பேச்சில்லாம ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டேன். ரெண்டு குத்தாவது விடக் கத்துக்கட்டுமே.

இவரும் கூடவே சேந்துக்கிட்டார், அதான் கொடுமை. பொடிசுங்க வரிசையில கடைசியா, தொந்தியும் வெள்ளை பெல்ட்டுமா நிப்பார். மாஸ்டரே ஒரு நாள், "சார், கதையெல்லாம் அப்புறம், முதல்ல முட்டியை மடக்குங்க"ன்னு கையெடுத்துக் கும்பிட்டாராம். ஆனா பட்டாணி எட்டு மாசத்துல நல்லாவே தேறிட்டா. மண்டல அணிக்கு ஆள் எடுக்கற போட்டிக்கு மாஸ்டர் அவ பேரைக் கொடுத்தார். முதல் மூணு இடத்துல வந்தா அணியில இடம்.

ஞாயித்துக்கிழமை போட்டி. ரெண்டு சுத்து ஜெயிச்சு அரையிறுதிக்கு வந்துட்டா. அதுலயும் நாலுக்கு ஒண்ணுன்னு முன்னாடி இருந்தா, நாப்பது செகண்ட்தான் பாக்கி. எதிர்ல ஒரு ஒல்லிப் பொண்ணு, போட்டிருந்த சட்டை அவளை விட ரெண்டு சைஸ் பெரிசு. நான் எழுந்து நின்னு கை தட்டிக்கிட்டு இருக்கேன், திடீர்னு பட்டாணி ரெண்டு கையையும் கீழ இறக்கிட்டா. அப்படியே மரம் மாதிரி நிக்கறா! அந்தப் பொண்ணு ஒரு உதை விட்டுச்சு, அதுக்கு ரெண்டு பாயிண்ட்; ரெண்டு குத்து விட்டுச்சு, அதுக்கு ஒவ்வொண்ணு. மணி அடிக்கறப்போ அஞ்சுக்கு நாலு, பட்டாணி தோத்துட்டா.

"என்னடி ஆச்சு? எங்கயாவது அடி பட்டுடுச்சா?"ன்னு ஓடினேன்.

"இல்லம்மா"ன்னா, சாவகாசமா தண்ணி குடிச்சுக்கிட்டே. "டிரஸ் மாத்தற ரூம்ல அவ சொன்னா. அவ அப்பா ரொம்ப தூரத்துல வேலை பாக்கறாராம். ஒரு தடவையாவது ஜெயிச்சு அவருக்கு வீடியோ அனுப்பணுமாம். இந்தக் கதையில அவதான்மா ஹீரோ, நான் எதிராளி. நான் ஜெயிச்சா கதை நல்லாவே இருக்காது."

எனக்கு வந்ததே கோபம்! நேரா இவர்கிட்ட திரும்பினேன். "கேட்டீங்களா உங்க சீடப்பிள்ளை பேசறதை? கதை, கதைன்னு சொல்லியே பிள்ளையைக் கெடுத்து வெச்சிருக்கீங்க! எல்லாத்தையும் தூக்கிக் கொடுக்கக் கத்துக் கொடுத்ததே நீங்கதான்!"

இவர் முகம் செத்துப் போச்சு. பட்டாணிதான் குறுக்கே வந்தா. "அப்பா இல்லம்மா. நீதான்."

"நானா?"

"உன் காலை ஷிஃப்டை உன் கம்பெனி அக்காவுக்குக் கொடுத்தல்ல? அவங்க மாமியாருக்கு மூட்டு ஆபரேஷன், பாவம்னு சொன்னல்ல?"

எனக்குச் சுருக்குன்னு தைச்சது. மூணு மாசத்துக்குன்னு கேட்டு வாங்கினாங்க. ரெண்டு வருஷம் ஓடிப் போச்சு. அந்த மாமியார் இப்ப எனக்கு முன்னாடி ஓடிப் போய் பஸ் பிடிக்கறாங்க. திருப்பிக் கொடுங்கன்னு ஒரு வார்த்தை நான் கேக்கல. இதுங்க ரெண்டும் சாயங்காலமானா டிவி முன்னாடி தவம் கிடக்குதுன்னு திட்டறேனே, அந்த நேரத்துல வீட்ல வேற யார் இருந்தா?

இவர் மெல்ல மண்டி போட்டு அவ பெல்ட்டை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். "எதிராளிக்கு ஒரு கதை இருக்குன்னு சொன்னேன். உனக்குக் கதை இல்லேன்னு எப்பம்மா சொன்னேன்? எட்டு மாசமா விடிகாலையில எழுந்து பயிற்சி செஞ்சது யாரு? பீரோ கண்ணாடியை உதைச்சு உடைச்சது யாரு?"

அவ வழக்கம் போல தாடையைச் சொறிஞ்சுக்கிட்டா. "அப்போ நான் விட்டுக் கொடுக்க வேண்டாமா?"

"வேண்டாம்."

மூணாவது இடத்துக்கான சண்டைக்கு மாஸ்டர் கூப்பிட்டார். இந்தப் பிசாசு போகாம என்னையே பாத்துக்கிட்டு நிக்குது. "நீயும் திருப்பிக் கேப்பியாம்மா?"

"கேக்கறேன்டி, கேட்டுத் தொலைக்கறேன்! முதல்ல நீ கையை இறக்காம நில்லு!" நான் கத்தின கத்துல பாதி ஹால் திரும்பிப் பாத்துச்சு.

நின்னா. மூச்சு வாங்க, மூக்கு சிவக்க, ரெண்டு நிமிஷமும் கையை இறக்கவே இல்லை. மூணுக்கு ரெண்டு. தோத்த பொண்ணு தேம்பித் தேம்பி அழுதா. பட்டாணி திரும்பித் திரும்பிப் பாத்தா, போய் ஒரு தடவை கட்டிக்கிட்டா, ஆனா மெடலைக் கழட்டிக் கொடுக்கல. இவர் அழுதுட்டார். கேட்டா கண்ணுல தூசியாம்!

திங்கக்கிழமை ஷிஃப்டுக்கு முன்னாடியே சூப்பர்வைசர் ரூமுக்குப் போனேன். உள்ள போனா அந்த அக்காவும் அங்கதான் இருக்காங்க. நான் வாயைத் திறந்ததும், இப்ப பையனுக்குப் பரீட்சைன்னு ஆரம்பிச்சு கண் கலங்கினாங்க. பொய் சொல்லக் கூடாது, எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா, "வேலை நாள்ல என் பொண்ணோட சாயங்காலம் உக்காந்து ரெண்டு வருஷமாச்சுக்கா"ன்னு சொல்லிட்டேன். அவங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. சூப்பர்வைசர் ஷிஃப்ட் நோட்டைப் புரட்டிப் பாத்துட்டு, சரின்னு தலையை ஆட்டினார்.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து, இவர் பையிலிருந்து ஒரு சீட்டைக் கிழிச்சு நானே எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டினேன்.

"புகார்: ரெண்டு வருஷமாக சாயங்காலத்தில் அம்மா வீட்டில் இல்லை. காரணம்: அம்மா கையை இறக்கிவிட்டாள். செய்த வேலை: ஒண்ணாம் தேதியிலிருந்து காலை ஷிஃப்ட். இனிமேல் எனக்குச் சாப்பாடு மூடி வைக்க வேண்டாம்."