அன்னெலி கதவைத் தட்டிய காட்சிகள்

போகாத வீடு

துப்பறியும் தொடரின் நான்காவது எபிசோட் ஒளிபரப்பான மறுநாள் காலை நான் தொலைக்காட்சி அலுவலகத்துக்குள் நுழையும்போதே தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. எடுத்தேன். பெரியகல்லாற்றிலிருந்து பேசுவதாக ஒரு பெண் சொன்னார். குரலில் கோபம் இல்லை. ஆனால் பதில் கிடைக்காமல் வைக்கமாட்டார் என்று தெரிந்தது.

"அந்தத் தாயிட்ட ஆரு போய்ச் சொன்ன?" என்று கேட்டார்.

எந்தத் தாய் என்று கேட்டேன்.

"செத்த பொடியன்ட தாய். கரையில பிரேதத்தக் கண்டாங்க. அதுக்குப் பிறகு நேரா பொலிசுக் கந்தோரத்தான் காட்டினீங்க. தாய்க்கு ஆரு சொன்ன? அன்னலெட்சுமி போகல்லையா?"

அன்னலெட்சுமி, அதாவது தொடரில் வரும் பொலிஸ் அதிகாரி அன்னெலி, போயிருந்தாள். மழையில் நனைந்தபடி அந்த வீட்டுக் கதவைத் தட்டி, உள்ளே போய், தாயின் எதிரில் அமர்ந்து சொல்லியிருந்தாள். அதற்குத் தமிழ் வசனம் எழுதியவள் நான்தான். ஆனால் அந்தக் காட்சி எடிட்டிங்கில் வெட்டப்பட்டுவிட்டது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. விசாரித்துவிட்டுத் திரும்பத் தொலைபேசி எடுக்கிறேன் என்று பெயரையும் இலக்கத்தையும் கேட்டு வாங்கினேன். தவமணி என்றார்.

தொலைபேசியை வைத்ததும் அடுத்த அழைப்பு. காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர். அவரும் அதையேதான் கேட்டார். மத்தியானம் வரைக்கும் இப்படித்தான் போனது. கொலைகாரன் யார் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

ஒரே கோட்டுப் போட்ட பொலிஸ்காரி

மட்டக்களப்பில் ஒரு சிறிய கேபிள் தொலைக்காட்சியில் டப்பிங் ஸ்கிரிப்ட் எழுதி ஓய்வுபெற்றவள் நான். வெளிநாட்டுத் தொடர் வந்தால் ஆங்கில சப்டைட்டிலைப் பார்த்துத் தமிழ் வசனம் எழுதுவேன். ஒலிப்பதிவு பூத்துக்குள் குரல் கொடுப்பவர்களோடு இருந்து, சொல் வாயசைவுக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பேன். பார்வையாளர் அழைப்புகளை எடுப்பதும் என் பொறுப்புத்தான். சிறிய நிலையத்தில் வேலை அப்படித்தான் இருக்கும். இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் எதையாவது சொல்லித் தரும்படி கேட்டால் இந்தத் தொடரைப் பற்றித்தான் சொல்கிறேன்.

எங்கள் மனேஜர் றிஸ்வான், ஏறாவூர்க்காரர். என்னைவிட வயதில் மிகவும் இளையவர். வெளிநாட்டு நிகழ்ச்சிகள் சிலவற்றை மொத்தமாக வாங்கியபோது அந்தக் கட்டோடு இந்தத் துப்பறியும் தொடரும் சேர்ந்து வந்தது. ஐரோப்பாவின் வடக்கில் ஒரு குளிர் பிடித்த துறைமுக ஊர். அங்கே அன்னெலி என்றொரு பெண் பொலிஸ் அதிகாரி. ஐம்பது வயதிருக்கும். துப்பாக்கி தூக்கமாட்டாள், யாரையும் துரத்தமாட்டாள், சத்தம் போட்டுப் பேசவும் மாட்டாள். எல்லா எபிசோடிலும் ஒரே சாம்பல் நிறக் கோட்டு. இதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று றிஸ்வானே சொன்னார். அடுத்த இந்தியத் தொடர் வரும்வரை அந்த ஒளிபரப்பு ஸ்லொட்டை நிரப்பினால் போதும் என்பது அவருடைய கணக்கு.

அந்தக் கணக்கு முதல் கிழமையிலேயே பிழையாகிவிட்டது. அன்னெலி என்ற பெயர் வாயில் நுழையாமல் சனங்கள் அவளை அன்னலெட்சுமி ஆக்கிவிட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு வேறு உடுப்பே இல்லையா என்று கேட்டார்கள். எந்த நேரமும் கோப்பி மட்டும் குடிக்கிறாளே, ஒரு பிடி சோறு கொடுக்க அந்த வீட்டில் ஆள் இல்லையா என்று கவலைப்பட்டார்கள். பெரியகல்லாற்று மீனவர் ஒருவர் நீரோட்டத்தைப் பார்த்துவிட்டு, பிரேதம் அந்தப் பக்கத்தால் வந்து ஒதுங்க வழியில்லை, யாரோ தோணியில் கொண்டுவந்துதான் போட்டிருக்கிறார்கள் என்று இரண்டாவது எபிசோடிலேயே சொன்னார். அது அப்படியே சரியாகவும் இருந்தது.

அன்னெலிக்குக் குரல் கொடுத்தவர் சுகந்தி. பகலில் ஒரு மருந்துக் கடையில் வேலை. மருந்து வாங்க வந்த ஒரு அம்மா அவருடைய குரலைக் கேட்டுத் திடுக்கிட்டு, தன் வீட்டில் களவுபோன ஆட்டைப் பற்றி முழு விபரமும் சொல்லியிருக்கிறார். தான் வெறும் குரல்தான் என்று சுகந்தி எவ்வளவோ விளங்கப்படுத்தினாராம். "அது எனக்கும் தெரியும் புள்ள. ஆனா நீ நல்லாக் கேக்கிறாய்" என்றாராம் அந்த அம்மா.

தமிழில் எப்படிச் சொல்வது

இந்தத் தொடரில் எனக்கு மிகவும் வில்லங்கமாக இருந்தது ஒரேயொரு வசனம். ஒவ்வொரு எபிசோடிலும் அன்னெலி இறந்தவரின் வீட்டுக்குத் தானே போவாள். அனுப்புவதற்கு ஆட்கள் இருந்தாலும் தானேதான் போவாள். போய்ச் செய்தியைச் சொல்லிவிட்டு, துக்கத்தில் பங்குகொள்வதாக அவர்களுடைய வழக்கப்படி இரண்டு மூன்று சொல் சொல்வாள். அவர்களுக்கு அது வாயில் தானாக வருகிற சொல். நமக்கு அப்படி ஒன்று இல்லை.

முதல் எபிசோடில் "என்னை மன்னியுங்கள்" என்று எழுதினேன். வாயசைவுக்கு நன்றாகப் பொருந்தியது. மறுநாள் வந்தாறுமூலை கம்பஸிலிருந்து ஒரு மாணவன் எடுத்து, கொலைகாரி அன்னெலிதான் என்று தான் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னான். குற்றம் செய்யாதவள் ஏன் மன்னிப்புக் கேட்கிறாள் என்பது அவனுடைய வாதம். இரண்டாவது எபிசோடில் "எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று மாற்றினேன். தேற்றாத்தீவில் என் பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அவ செய்தி சொல்லப் போனவவா, மரண பெனர் கட்டப் போனவவா?" என்று கேட்டார். மூன்றாவதில் "வருத்தமான செய்தி" என்று போட்டோம். சுகந்தியே அதை வாசித்துவிட்டு, வானொலியில் மரண அறிவித்தல் கேட்கிற மாதிரி இருக்கிறது என்றார்.

இதற்கிடையில் தொடருக்கு விளம்பரங்கள் கூடிவிட்டன. ஸ்லொட்டின் நேரம் கூடவில்லை. எங்காவது வெட்டத்தான் வேண்டும். நான்காவது எபிசோடில் றிஸ்வான் தெரிவுசெய்தது கதவைத் தட்டும் காட்சியை. ஒரு பெண் நடந்து வருகிறாள், தட்டுகிறாள், உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறாள், நெடுநேரம் பேச்சே இல்லை. அதை எடுத்துவிட்டாலும் கதை விளங்கும் என்றார். என் வசனம் இன்னும் சரியாக வராததால் நானும் பலமாக மறுத்துப் பேச முடியவில்லை.

பெரியகல்லாறு

அழைப்புகள் வந்து குவிந்ததும் றிஸ்வானுக்கு ஒரு யோசனை தோன்றியது. பார்வையாளர் கருத்துகளை கமராவில் எடுத்து புரமோவாகப் போடலாம், எப்படியும் சனம் பேசுகிறதுதானே என்றார். அந்தக் கிழமையே கமராக்காரரோடு நான் பெரியகல்லாற்றுக்குப் போனேன். முதலில் தேடிப் போனது தவமணியின் வீட்டை.

ஆற்றங்கரைப் பக்கம் சிறிய வீடு. வாசலில் இறால் காய்ந்துகொண்டிருந்தது. நாற்பது வயதுக்குக் கொஞ்சம் கூட இருக்கும் அவருக்கு. கமராவைக் கண்டதும் அது வேண்டாம் என்றார். கமராக்காரரைக் கரைப் பக்கம் படம் எடுக்க அனுப்பிவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். தேத்தண்ணி தந்துவிட்டு, அந்தக் காட்சி எங்கே போனது என்றுதான் முதலில் கேட்டார். விளம்பரத்துக்காக வெட்டிவிட்டோம் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அப்படியானால் அவள் போயிருக்கிறாள் என்று தலையாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் தன்னுடைய கதையைச் சொன்னார்.

அவருடைய கணவர் மத்திய கிழக்கில் கட்டட வேலைக்குப் போனவர். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து அங்கேயே இறந்துவிட்டார். செய்தி தொலைபேசியில் வந்தது. யார் பேசினார் என்று அவருக்கு இன்றைக்கும் தெரியாது. உடைந்த தமிழில் ஒருவர், ஆள் இறந்துவிட்டது, பெட்டி அனுப்பக் கையெழுத்து வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

"ஆத்துக்க முழங்கால் தண்ணியில நிக்கிறன் அக்கா. இடுப்பில இறால் கூடை. போனை மடியில செருகிப்போட்டு மறுபடியும் இறால்தான் புடிச்சன். கரைக்கு வரல்ல. வந்தா அது உண்மையாப் போயிரும் எண்டு நினைச்சனோ தெரியா."



பிறகு, அன்னலெட்சுமியைத் தனக்கு ஏன் பிடிக்கும் என்று அவரே சொன்னார். கொலைகாரனைப் பிடிப்பதற்காக இல்லை. சொல்ல வேண்டியதை நேரில் வந்து சொல்கிறாளே, சொல்லிவிட்டு ஓடாமல் இருக்கிறாளே, அதற்காக. அந்த இடம் வரும்போது தான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

நான் என் வில்லங்கத்தைச் சொன்னேன். அந்த இடத்தில் அவள் சொல்வதற்குத் தமிழில் ஒரு சொல் எனக்கு அகப்படவில்லை என்றேன். அன்றைக்கு உங்களிடம் ஒருவர் நேரில் வந்திருந்தால் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்டேன். கேட்ட பிறகு, கேட்டிருக்கக் கூடாதோ என்று மனம் அடித்துக்கொண்டது. அவர் வாசலுக்கு வந்து இறாலைக் கிளறிவிட்டுக்கொண்டே யோசித்தார்.

"இரு புள்ள எண்டு சொல்லியிருந்தாப் போதும். நிண்டுகொண்டு கேட்டன் அக்கா. அதுதான் எனக்கு ஏலாமக் கிடக்கு."

வெட்டு

அன்று பின்னேரம் றிஸ்வானிடம் போய் நடந்ததைச் சொன்னேன். தவமணி அனுமதி தந்திருந்ததால்தான் சொன்னேன். அவர் கணினித் திரையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, காத்தான்குடித் துணிக்கடைக்காரர் தனக்கும் நேரடியாக எடுத்துப் பேசியதாகச் சொன்னார். மௌத்து வீட்டில் சாவுச் செய்தி சொல்வதும் வேலைதானே, அந்த வேலையைச் செய்கிறவளை ஏன் மறைக்கிறீர்கள் என்று அவர் கேட்டாராம்.

"வெட்டல்லக்கா. விளம்பரத்தத் தொடர் முடிஞ்ச பிறகு தள்ளுவம், அடுத்த நிகழ்ச்சி கொஞ்சம் பிந்தட்டும்" என்றார் றிஸ்வான்.

சொல்வது சுலபம். நடுவில் விளம்பரம் கேட்டவர்களில் பெரியவர் ஒரு நகைக்கடைக்காரர். அவர் விலகினால் தொடரையே நிறுத்த வேண்டிவரும் என்று நிலையத்தின் முதலாளி சொல்லிவிட்டார். றிஸ்வான் நகைக்கடைக்காரரிடம் இரண்டு தரம் போனார். முதல் தரம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார். இரண்டாம் தரம், வெட்டாத நான்காவது எபிசோடை லெப்டொப்பில் கொண்டுபோய்க் கடைக்குள் வைத்தே போட்டுக் காட்டினார். கடைப் பிள்ளைகள் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்களாம். விளம்பரம் எங்கே வந்தால் என்ன, பார்க்கிறவன் கடைசிவரை இருந்தால் சரி என்று நகைக்கடைக்காரர் ஒப்புக்கொண்டார். நான்காவது எபிசோடை முழுதாக மறு ஒளிபரப்புச் செய்தோம். அதன் பிறகு கடைசி எபிசோட் வரை ஒரு காட்சியிலும் கை வைக்கவில்லை.

கடைசி எபிசோடில் அன்னெலி தட்டுவது இறந்தவரின் வீட்டை இல்லை. கொலைசெய்தவனின் தாயின் வீட்டை. மகன் பிடிபட்டுவிட்டான் என்று சொல்லப் போகிறாள். தாய் வாசலிலேயே எல்லாவற்றையும் ஊகித்துவிட்டு நிற்கிறாள். அந்த இடத்தில் நான் "இருங்க. நானும் இருக்கிறன்" என்று எழுதினேன். எங்கள் பேச்சில் இரு என்றால் உட்கார் என்றும் ஆகும், கூட இரு என்றும் ஆகும். வாயசைவுக்கு ஒரு அசை குறைவாகத்தான் இருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பூத்துக்குள் சுகந்திக்கு அது உடனே வரவில்லை. முதல் டேக்கில் கட்டளை போடுகிற மாதிரி இருந்தது. அடுத்ததில் அழுகை கூடிவிட்டது. வழக்கமாக நின்றுகொண்டுதான் குரல் கொடுப்போம். சுகந்தி ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கினார். மைக்கைக் கீழே இறக்கச் சொன்னார். இருந்துகொண்டு சொன்னார். அதுதான் ஓகே ஆன டேக்.

ஒளிபரப்பான மறுநாள் வந்த அழைப்புகள் எல்லாம் பாராட்டுத்தான். கொலைகாரனைப் பெற்ற தாய்க்கும் அதே மரியாதையைக் கொடுத்தாளே என்று ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் பேச்சில் சொன்னார்கள். தவமணியும் எடுத்தார். நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னார். பிறகு, அந்த ஊரில் குளிர் எப்போது விடும் என்று கேட்டார். கொஞ்ச நேரம் குளிரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

சாதாரண உடுப்பில் வந்தவர்

தொடர் முடிந்து சில கிழமைகளுக்குப் பிறகு ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். நேராக நின்று, தான் பொலிஸ் சார்ஜன்ட் என்று அறிமுகம் செய்துகொண்டார். சாதாரண உடுப்பில் வந்திருந்தார். பொலிஸைப் பற்றி ஏதோ பிழையாகக் காட்டிவிட்டோம் என்று நினைத்து றிஸ்வான் அவசரமாகக் கதிரை எடுத்துப் போட்டார். வந்தவர் இருக்காமல் தயங்கினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"போன கிழம வயல் வட்டைக்குள்ள உழவு மிசின் பிரண்டு பொடியன் ஒருத்தன் செத்துப்போனான். வீட்டுக்குச் சொல்ல நான்தான் போன. முந்தியெண்டா வேலிப் படலையடியில நிண்டு பேரக் கேட்டு, சொல்லிப்போட்டு வந்திருவன். அண்டைக்குத் தொப்பியக் கழட்டிப்போட்டு உள்ளுக்குப் போய் இருந்தன். சொந்தக்காரர் வந்து சேருமட்டும் இருந்தன்."

அந்தத் தொடர் மறுபடியும் போகுமா என்று கேட்கத்தான் வந்திருந்தார். அவருடைய நிலையத்துக்குப் புதிதாக வந்த பொடியன்மார் சிலர் அதைப் பார்க்கவில்லையாம். மறு ஒளிபரப்பு நேரத்தை றிஸ்வான் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். துப்பறியும் தொடர் வந்தால் எல்லோரும் முதலில் விசாரணைக் காட்சிகளை எழுதுவார்கள். அதில்தான் வசனம் கூட. நீங்கள் முதலில், யாராவது ஒருவர் இன்னொருவருக்குக் கெட்ட செய்தி சொல்கிற இடத்தைத் தேடி எழுதுங்கள். அதை எழுத அகராதியைத் திறக்காதீர்கள். அப்படிப்பட்ட செய்தியைக் கேட்டவர் ஒருவர் உங்கள் ஊரிலேயே இருப்பார். அவர் பேச விரும்பினால், பக்கத்தில் போய் இருந்து கேளுங்கள்.